சர்க்கரை நோயும் தொடர் அளவிக் கருவியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

   

கல்வி, வாணிபம், குல ஒழுக்கம், தெய்வ பக்தி ஆகியவற்றைப் பற்றியே இம்மேடையில் சொற்பொழிவுகள் நிகழ்வது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ உடம்பைப் பற்றியது. அதிலும், நம் வீடுகளில் எல்லோரும் அறிந்திருந்தும் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒரு வியாதியைப் பற்றியது. நீரிழிவு என்றும், மதுமேகம் என்றும், சர்க்கரை நோய் என்றும் வழங்கும் இவ்வியாதியுடையார்க்கு, உடம்பிலுள்ள சர்க்கரையை இரவும் பகலும் இடைவிடாது அளந்து காட்டும் சிறு கருவியொன்று இந்நாளில் வந்துள்ளது. அக்கருவி எத்தகையது, யாருக்கு வேண்டுவது, யாருக்கு வேண்டாதது, அதன்பொருட்டு நம் சங்கம் செய்யத்தக்கது யாது என்னும் நான்கையும் சொல்லி அமைவோம்.

இவ்வியாதி புதிதன்று. தேனை ஒத்த சிறுநீர் கழியும் நோயை நம் நாட்டுப் பழைய வைத்திய நூல்கள் கூறியுள்ளன. மேக நோயை இருபது வகையாகவும் அவை பகுத்துள்ளன. புதிதாயுள்ளது அதன் பெருக்கமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, இந்தியாவில் நீரிழிவுடையார் 10 கோடியே 10 லட்சம் பேர் எனவும், அந்நோயின் வாசற்படியில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர் எனவும் மதிப்பிட்டது. காலையில் கடை திறந்து கல்லாவில் அமர்ந்தால் இரவு கடை கட்டும்வரை எழாத நம் சமூகத்தார்க்கு, இக்கணக்கில் நமக்குரிய பங்கு எவ்வளவு என்று பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

நீரிழிவில் இரண்டு வகைகளை நாம் முதலில் பிரித்தறிதல் வேண்டும். பெரும்பாலோர்க்கு வருவது இரண்டாம் வகை. இவர்கள் உடம்பில் இன்சுலின் என்னும் சத்து சுரந்தும் போதிய பயன் தராது. நாளடைவில் சுரப்பதும் குறையும். உணவு, நடை, மாத்திரை ஆகியவற்றால் பலர் இதனை அடக்கி வாழ்கின்றனர். முதல் வகையோ பெரிதும் சிறு பிள்ளைகளையும் இளைஞரையும் பற்றுவது. இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ அற்றுப்போகிறது. இது பெற்றோர் செய்த பாவமும் அன்று. பிள்ளை தின்ற மிட்டாயின் பயனும் அன்று. உடம்பின் காவற்சக்தியே தன் உறுப்பைத் தான் தாக்குவதால் விளைவது. 1921-ஆம் ஆண்டில் கானடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் முதலியோர் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன், இப்பிள்ளைகள் நோய் கண்ட சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மெலிந்து மடிந்தனர். 1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அந்நகர் மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து முதன்முதல் செலுத்தப்பெற்றது. அவன் பிழைத்தெழுந்து மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

மருந்து கிடைத்தது, ஆயினும் அளவு தெரியாமல் மருந்து கொடுப்பது எங்ஙனம்? இன்சுலின் குறைந்தால் சர்க்கரை ஏறும். மிகுந்தால் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம், மயக்கம் ஆகியவை தோன்றும். உயிருக்கே இறுதியும் நேரலாம். ஆதலின் அன்று தொட்டு இந்நோயின் வரலாறு பெரும்பாலும் அளத்தலின் வரலாறே ஆயிற்று. முன்னாளில் சிறுநீரைப் பெனடிக்ட் என்பார் கண்ட நீலக் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சி, பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறுவதைக் கொண்டு சர்க்கரையை மதித்தனர். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினாலன்றிச் சிறுநீரில் பொதுவாகத் தோன்றாது; அபாயமாக இறங்கிய சர்க்கரையையோ அச்சோதனை காட்டவே காட்டாது. பின்னர், 1960-களின் இடையில், ஒரு துளி இரத்தத்தை இட்டு நிறம் பார்க்கும் பட்டைகள் வந்தன. அடுத்து அப்பட்டையைப் படித்து எண் கூறும் கருவிகள் வந்தன. இவற்றால் நோயாளி தன் வீட்டிலேயே விரல் நுனியைக் குத்திச் சர்க்கரையை அறியலாயினன். நம் சென்னையிலும் 1948-ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மு. விசுவநாதன் அவர்கள் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

விரற்குத்தும் கருவிக்கும் ஒரு குறை உண்டு. நாளைக்கு நான்கு முறை குத்தினாலும் நான்கு கணங்களின் நிலையே தெரியும். இடைப்பட்ட மணி நேரங்களில், சிறப்பாக உறக்கத்தில், நிகழ்ந்தது தெரியாது. மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையும் உண்டு. அது மிகவும் வேண்டுவதே; எனினும் சராசரி பலவற்றை மறைக்கும். நாள் முழுதும் 150-இல் நின்ற ஒருவருக்கும், பாதி நாள் 240-க்கு ஏறிப் பாதி நாள் 60-க்கு இறங்கிய ஒருவருக்கும் சராசரி ஒன்றே. முன்னவர் ஒருவாறு நலமுடையார். பின்னவரோ நாள்தோறும் ஆபத்தின் ஓரத்தில் நடப்பவர்.

வாணிபம் செய்யும் நமக்கு இதனை விளக்குவது எளிது. எச்.பி.ஏ.1.சி. என்பது ஐந்தொகை. விரற்குத்து என்பது இடையிடையே கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணிப் பார்ப்பது. நாள்வழிக் கணக்கு எழுதாமல் ஐந்தொகையை மட்டும் பார்க்கும் வியாபாரி, எந்நாளில் எச்சரக்கால் நஷ்டம் வந்ததென்று அறியான். நோயாளிக்கு இதுகாறும் இல்லாதிருந்த அந்த நாள்வழிக் கணக்கே இந்தத் தொடர் அளவி. மருத்துவர் இதனைச் சி.ஜி.எம். என்பர், மக்கள் வழக்கில் சென்சார் என்றே வழங்குகிறது. அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டில் இவ்வகைக் கருவி முதன்முதல் அனுமதி பெற்றது. சில நாட்கள் அணிந்து கழற்றியபின் மருத்துவரே அதன் கணக்கைப் பார்த்தனர். இந்தியாவில் 14 நாள் அணியும் லிப்ரே புரோ என்பது 2015-ஆம் ஆண்டில் வந்தது. இப்பொழுது நோயாளி தாமே தம் கைபேசியில் உடனுக்குடன் பார்க்கத்தக்க வகைகள் உள்ளன.

கருவியின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். ஒரு நாணயத்தை ஒத்த சிறு வில்லை. அதன் அடியில் மயிரிழை போன்ற மெல்லிய நரம்பு. மேற்கையின் பின்புறத்தில் ஒட்டினால் அந்த நரம்பு தோலுக்குக் கீழ் சிறிதளவே செல்லும். அது இரத்தத்தைத் தொடுவதன்று. உயிரணுக்களுக்கு இடையே ஊறி நிற்கும் நீரைத் தொடுவது. நரம்பின்மேல் பூசிய என்சைம் என்னும் பொருள் அந்நீரிலுள்ள குளுக்கோஸோடு கூடும்போது மிக நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. அதன் வலிமையைக் கொண்டு சில நிமிஷங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவு கணிக்கப்படுகிறது. கைபேசியில் எண்ணும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியும், நாள் முழுதுக்குமான கோடும் தோன்றும். ஒட்டும்போது எறும்பு கடித்தாற்போல் ஒரு கணம் உறுத்துமேயன்றி வேறு துன்பம் இல்லை.

இக்கணக்கைப் படிக்கும் முறையை 2019-ஆம் ஆண்டில் பல நாட்டு நிபுணர் கூடி வகுத்தனர். நீரிழிவுடையார் பெரும்பாலோர்க்கு, சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் நாளில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம், இருத்தல் வேண்டும். 70-க்குக் கீழ் இருப்பது நூற்றுக்கு 4 பங்குக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு, உட்பட வேண்டும். முதியோர்க்கும் வேறு பெருநோய் உடையார்க்கும் இவ்வளவு கண்டிப்பு வேண்டுவதில்லை. பாதி நாள் எல்லைக்குள் நின்றாலே போதும். ஆனால் இறங்குவது மட்டும் இவர்களுக்கு மிகமிகக் குறைவாயிருத்தல் வேண்டும். வயோதிகர் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது சர்க்கரை ஏறியதினும் கொடிதன்றோ?

இக்கோட்டைப் பார்க்கத் தொடங்கியவர் முதலில் அறிவது, தாம் நம்பியிருந்தவை பல பொய் என்பதே. வெள்ளைச் சீனியை விலக்கிக் கருப்பட்டிக் காப்பி குடித்தால் தீங்கில்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். கருப்பட்டியும் சர்க்கரையே என்று கோடு காட்டிவிடும். கேழ்வரகு நல்லதென்று மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பவர், அது சோற்றைப் போலவே விரைந்து ஏறுவதைக் காணலாம். அதே சோற்றை அளவு குறைத்து, காய்கறியும் பருப்பும் முன்னர் உண்டு, பின்னர் உண்டால் ஏற்றம் தணிவதையும், உண்டபின் கால் மணி நேரம் தெருவில் நடந்தால் கோடு தாழ்வதையும் காணலாம். இவற்றை மருத்துவர் நூறு முறை சொல்லியும் கேளாதவர், தம் கண்ணால் ஒருமுறை கண்டு திருந்துவதுண்டு. ஒருவர்க்கு ஏறும் உணவு மற்றொருவர்க்கு அவ்வளவு ஏறாமலும் இருக்கும். ஆதலின் அடுத்த வீட்டாரின் கணக்கு நமக்கு ஆகாது.

இனி எச்சரிக்கைகள். தோலுக்கடியிலுள்ள நீரின் அளவு இரத்தத்தின் அளவுக்குச் சில நிமிஷங்கள் பின்தங்கி வரும். உண்டவுடனும் ஓடியாடியபின்னும் இவ்வேறுபாடு மிகும். வில்லை ஒட்டிய கையின்மேல் அழுந்திப் படுத்தால் சர்க்கரை இறங்கியதாகப் பொய்க் கணக்குக் காட்டும். வைட்டமின் ‘சி’ மாத்திரையை மிகுதியாக உண்டால் சில கருவிகளில் அளவு உயர்ந்து தோன்றும். ஆகவே உடம்பின் குறியும் கருவியின் எண்ணும் மாறுபட்டால் விரலைக் குத்திப் பார்த்தே துணிதல் வேண்டும். சர்க்கரை இறங்கும்போது மணி ஒலித்து எழுப்பும் வகையும் உண்டு, ஒலியாத வகையும் உண்டு, வாங்குமுன் கேட்டறிக. ஒரு நாள் எண்ணைக் கண்டு தாமே மாத்திரையை நிறுத்துவதும் இன்சுலினைக் கூட்டுவதும் பெரும் பிழை. இரண்டு வாரத்துக் கணக்கை மருத்துவரிடம் காட்டி அவர் சொற்படி மாற்றுவதே முறை.

இக்கருவி யாருக்கு வேண்டும்? இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்கே, அவருள்ளும் முதல் வகைப் பிள்ளைகளுக்கே, இது முதலில் வேண்டும். நள்ளிரவில் பிள்ளையின் சர்க்கரை இறங்குமோ என்று அஞ்சி, மூன்று மணிக்கு எழுந்து, உறங்கும் பிள்ளையின் விரலைக் குத்தும் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவள் தலைமாட்டில் கைபேசி மணி அடித்து எழுப்பும் என்றால் அதுவே அவளுக்குப் பெருந்துணை. அடுத்து, இன்சுலின் போட்டுக்கொள்ளும் கர்ப்பவதிகள். முதல் வகை நோயுடைய கர்ப்ப ஸ்திரீகளிடம் நடத்தி 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட கன்செப்ட் என்னும் ஆய்வில், இக்கருவியை அணிந்தவர்க்குப் பிறந்த சிசுக்கள் தீவிரச் சிகிச்சை பெற நேர்ந்தது குறைந்தது என்று கண்டனர். மூன்றாவது, தம் சர்க்கரை இறங்குவதைத் தாமே உணராத முதியோர்.

மாத்திரையாலும் உணவாலும் நோயை அடக்கியிருப்போர் எந்நாளும் இதனை அணிய வேண்டுவதில்லை. மருத்துவர் விரும்பினால் ஆண்டில் ஓரிரு முறை இரண்டு வாரம் அணிந்து பாடம் கற்றுக்கொண்டால் போதும். நோயே இல்லாத இளைஞர் சிலர் நாகரிகத்தின்பொருட்டு இதனை அணியத் தொடங்கியுள்ளனர். அப்பணத்தை ஒரு நல்ல செருப்பு வாங்கி நடப்பதில் செலவிடுவார்களாயின் அவர்க்கு நன்மை அதிகம்.

இதுவரை சொன்னது கருவியைப் பற்றி. இனிச் சொல்வது நம்மைப் பற்றி. இது சிலர்க்குக் கசப்பாயிருப்பினும் சொல்லாதிருத்தல் தகாது. நம் சமூகத்தில் முதல் வகை நோயுள்ள பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, இருப்பதை மறைத்து வைக்கிறோம். கல்யாணம் தட்டிப்போகும் என்பது காரணம். அப்பெண் பள்ளியில் எவர்க்கும் தெரியாமல் பட்டினி கிடக்கிறாள், அல்லது எவர்க்கும் தெரியாமல் ஊசி போடுகிறாள். மணமானபின் புக்ககத்தில் ஊசியை ஒளித்துவைக்க நேர்கிறது. ஒளித்துவைக்க இயலாத நாளில் ஊசியையே விட நேர்கிறது. இன்சுலினை விட்டால் சில நாட்களில், சிலபோது ஒரே நாளில், இரத்தம் புளித்து உயிர் போகும். அந்நிலையில் அவள் உயிரை வாங்குவது நோயன்று, நம் மௌனமே. கையில் வெளிப்படையாகத் தெரியும் வில்லையை அணிய மறுக்கும் பெற்றோர் சொல்லும் காரணமும் இதுவே: நாலு பேர் பார்ப்பார்களாம்! நாலு பேர் பார்க்கட்டும். பார்த்து, மயங்கி விழுந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, விழுங்கும் நினைவு இருக்கும்போதே குளுக்கோஸ் கொடுத்துக் கால் மணி கழித்து மீண்டும் அளக்க வேண்டும், நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அந்நாலு பேரும் கற்றுக்கொள்ளட்டும்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். கைபேசியில் எண் ஏறியவுடன் “என்ன தின்றாய்?” என்று கள்வனை விசாரிப்பதுபோல் விசாரித்தால், பிள்ளை கருவியைக் கழற்றி எறியும், மாமனார் சட்டையால் மூடிக்கொள்வார். கணக்குப்பிள்ளையை வைவதால் நஷ்டம் குறைவதில்லை. குற்றம் காண்பதற்கன்று, அடுத்த வேளைச் சமையலைத் திருத்துவதற்கே அந்த எண் பயன்பட வேண்டும். எல்லார்க்கும் பரிமாறிக் கடைசியில் மிஞ்சிய சோற்றை அகாலத்தில் உண்ணும் நம் வீட்டுப் பெண்டிர்க்குச் சர்க்கரை நோய் இருப்பின், அவர்க்கு மருந்தில் முதற்பாகம் வேளையில் உண்பதே என்பதை ஆடவர் உணர்தல் வேண்டும்.

இனிச் செலவு. 14 நாள் அணியும் வில்லை ஒன்று இப்பொழுது ஏறத்தாழ 4,000 முதல் 5,000 ரூபாய் வரை விற்கிறது. ஆண்டுக்கு 26 வில்லை வேண்டும். குறைந்த விலையில் வைத்தாலும் 1,04,000 ரூபாய். பெரிய கடைக்காரர்க்கு இது தாங்கும். அக்கடையில் சம்பளத்துக்கு நிற்கும் நம்மவர்க்குத் தாங்குமா? அவர் பிள்ளைக்கும் கணையம் ஒன்றுதானே? அரசாங்க மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கிறது. அதனைத் தவறாது பெறுவதே முதற் கடமை. அதற்கு மேற்பட்ட இச்செலவே நம் மகமையில் கைவைக்க வேண்டிய இடம் என்று கருதுகிறோம்.

ஒருவர்க்காக எல்லோரும் கொடுப்பதா என்று கேட்பார் உண்டு. மகமை என்பதே அதற்காக ஏற்பட்டதன்றோ? மூட்டைக்கு இவ்வளவென்று நம் முன்னோர் எடுத்துவைத்த காசு, தம் பிள்ளை படியாத பள்ளிக்கும், தாம் தங்காத சத்திரத்துக்கும் சென்றது. ஆடம்பரம் என்பார் உண்டு. இரவில் உயிரோடிருப்பதை ஆடம்பரம் என்பது முறையாகாது. விதி என்பார் உண்டு. 1922-க்கு முன் மடிந்த பிள்ளைக்கு அது விதி. பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் 1923-ஆம் ஆண்டில் இன்சுலினுக்குரிய காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். அவர்கள் கோடி ஈட்டியிருக்கலாம், ஈட்டவில்லை. அவர்கள் கொடையால் பிழைத்திருக்கும் பிள்ளைகள் நம் தெருவிலும் உள்ளனர்.

ஆகலின் மூன்று தீர்மானங்களை நிர்வாக சபையாரின் ஆலோசனைக்கு வைக்கின்றோம். முதலாவது: நம் சமூகத்தில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் கர்ப்பவதிகளுக்கும், மருத்துவர் சீட்டின்பேரில், வசதியற்றார்க்கு இக்கருவியை மகமையிலிருந்து வாங்கித் தருக, பெற்றவர் பெயரை நம் பத்திரிகையில் அச்சிடாதிருக்க. நிதி போதாதாயின் மூன்று மாதத்துக்கு ஒரு வில்லையேனும், மருத்துவரைக் காணச் செல்லும் முன், தருக. இரண்டாவது: நம் பள்ளியிலும் மாணவர் விடுதியிலும் அப்பிள்ளைகள் வகுப்பிடையே கைபேசியைப் பார்க்கவும், வேண்டியபோது உண்ணவும், ஊசி போடவும் தடையின்றி அனுமதிக்குமாறும், ஆசிரியர்க்குப் பயிற்சி தருமாறும் செய்க. மூன்றாவது: நம் கல்யாண மண்டபத்தில் விருந்தைக் குறித்த வேளையில் நடத்துக; இனிப்பைக் கேட்டவர்க்கே பரிமாறுக. பிற்பகல் மூன்று மணிக்குப் பந்தி போடும் பெருமையால் இன்சுலின் போட்டு வந்த விருந்தினர் மயங்கி விழுவது நமக்குக் கௌரவமாகாது.

கருவி காட்டும்; செய்ய வேண்டுவன நம்முடையவை. தம் பிள்ளைக்கு இந்நோய் உண்டென்று இன்றுவரை எவரிடமும் சொல்லாத பெற்றோர் இக்கூட்டத்தில் இருப்பின், அவர்க்கு ஒன்று சொல்வோம்: காரியதரிசி அவர்களிடம் தனியே சொல்லுங்கள், முதல் விண்ணப்பம் உங்களுடையதாயிருக்கட்டும்.